ஒரு நிருபரை நம்பலாமா? அவருடைய பழைய செய்தியைத் தேடிப் படியுங்கள்

மதுரையில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் உட்கார்ந்து பல வருடம் மாவட்டச் செய்திகளைத் திருத்தியவன் நான். "இந்த நிருபர் எந்தக் கட்சி சார்?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அங்கே தொடங்காதீர்கள். உண்மை பிற்பாடு வெளிவந்துவிட்ட விவகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் அவர் முதல் சில நாட்கள் என்ன எழுதினார் என்று தேடிப் படியுங்கள்.

சாத்தான்குளம் இதற்கு நல்ல உரைகல். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் தாண்டியும் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜைப் போலீசார் பிடித்துப் போனார்கள்; அவரைத் தேடிக் காவல் நிலையத்துக்குப் போன மகன் பென்னிக்ஸையும் அங்கேயே பிடித்து வைத்தார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்றது முதல் தகவல் அறிக்கை. கடைக்கு அருகே பதிவான சிசிடிவி காட்சி அந்த அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை. அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தார். கடைசியில் சிபிஐ போலீசார் மீதே கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

இப்போது உங்கள் நிருபரின் அந்த வாரத்துச் செய்திகளைப் பாருங்கள். உருண்டு புரண்ட கதையைப் போலீஸ் தரப்பின் கூற்றாக எழுதினாரா, தானே நேரில் பார்த்ததைப்போல எழுதினாரா? குடும்பத்தாரிடமும் பக்கத்துக் கடைக்காரர்களிடமும் பேசினாரா? முதல் நாள் போலீஸ் சொன்னதை மட்டும் கொடுத்ததற்காக நான் யாரையும் ஒதுக்க மாட்டேன். ராத்திரி பக்கம் முடிக்கிற அவசரத்தில் பல சமயம் அதுதான் கையில் இருக்கும். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் என்ன எழுதினார்? போலீஸ் சொன்னது பொய்த்துப்போன பிறகு அந்த ஊருக்குத் திரும்பப் போனாரா, சத்தமில்லாமல் அடுத்த செய்திக்குத் தாவிவிட்டாரா? ஒருவருடைய தரம் எனக்கு அங்கேதான் தெரியும். இரண்டு பேர் செத்த விஷயம் அது.

தலைப்பை வைத்து நிருபரை எடை போடாதீர்கள். பெரும்பாலும் அதை வைப்பது டெஸ்க்.

அப்புறம் சார்பு. சார்பு இருப்பதாலேயே ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது. 1992-இல் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தனக் கடத்தல் சோதனை என்ற பெயரில் வனத்துறையினரும் போலீசாரும் மலைவாழ் மக்கள் மீது நடத்திய கொடுமையை விடாமல் பேசியவர்கள் மார்க்சிஸ்ட் கட்சியினரும் மலைவாழ் மக்கள் சங்கத்தினரும்தான். அரசுத் தரப்பு மறுத்தது. 2011-இல் நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அன்றைக்கு 'கட்சிக்காரர்கள் சொல்வது' என்று தள்ளியவர்கள் உண்மையையே தள்ளினார்கள். அதனால் திமுகவின் முரசொலியோ மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிரோ படிக்கும்போது பெயர், தேதி, இடம் இருக்கிறதா, வேறு யாராவது போய்ச் சரிபார்க்க முடியுமா என்று பாருங்கள். தன் பக்கத்து ஆட்கள் தப்பு செய்தபோது அதே நிருபர் எழுதினாரா என்பதையும் தேடுங்கள்.

கட்சியைவிட எனக்குக் கவலை தருவது விளம்பரம். சின்ன ஊர்களில் பகுதிநேர நிருபரின் சம்பளம் சொற்பம். சில இடங்களில் விளம்பரம் பிடிக்கும் வேலையும் அவர் தலையில்தான். ஊரின் பெரிய ஜவுளிக்கடையோ தனியார் மருத்துவமனையோ சிக்கலில் மாட்டும்போது அவர் பேசாமல் இருந்தால், அதே பத்திரிகையில் அவர்களுடைய விளம்பரம் எத்தனை வந்தது என்று புரட்டிப் பாருங்கள். தேர்தல் நேரத்தில் ஒரே வேட்பாளர் புராணம் வரிக்கு வரி ஒரே மாதிரி இரண்டு பத்திரிகைகளில் வந்தால் அது செய்தியாக இருக்க வாய்ப்பு குறைவு. காசுக்குச் செய்தி போடும் இந்த வழக்கம் பற்றிப் பிரஸ் கவுன்சிலின் துணைக்குழு 2010-லேயே விரிவாக அறிக்கை கொடுத்தது.

யூடியூபில் மட்டும் பேசுகிறவர்களுக்கும் இதேதான். ஆறு மாதம் முந்தைய வீடியோவைப் போட்டு, "நம்பத்தகுந்த வட்டாரம் சொன்னது" என்று அடித்துச் சொன்னவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் எது நடந்தது? நடக்காததைப் பற்றிப் பிறகு வாய் திறந்தாரா? சந்தேகம் தீரவில்லையா, கமெண்ட்டில் மரியாதையாகக் கேளுங்கள்: "இதை யாரிடம் உறுதிப்படுத்தினீர்கள்?" ஆளின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, எத்தனை பேரிடம் கேட்டார், எந்த ஆவணத்தைப் பார்த்தார் என்றாவது சொல்ல முடியும்.