ரோமானியர் வீட்டுப் பொருள்களை நகலெடுக்கும்போது நேரும் தவறுகள்

ரோமானிய வெண்கலச் சொம்பின் நகல் ஒன்றை வாங்கப் போனால், பெரும்பாலும் பச்சை பூத்த ஒன்றைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ரசாயனம் தடவி வரவழைத்த களிம்பு அது. எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் என்ற ரோமானிய நகரத்து வீட்டில் புழங்கியபோது அந்தச் சொம்பு தேய்த்துத் துலக்கிய பொன்னிறத்தில் இருந்திருக்கும். பச்சை ஏறியதெல்லாம் பிறகு மண்ணுக்குள் கிடந்த நூற்றாண்டுகளில். நாம் நகலெடுக்க வேண்டியது பொருளைத்தான், மண்ணுக்குள் அது பட்ட பாட்டை அல்ல. இந்தத் துறையில் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

கண்ணாடிக்கும் இதே கதைதான். அருங்காட்சியகக் குப்பிகளில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு மினுமினுப்பு தெரியும். ஈர மண்ணில் கண்ணாடியின் மேற்பரப்பு அரித்து ஏடு ஏடாகப் பிரிந்ததால் வந்தது அது. புதிதாக ஊதிய ரோமானியக் குப்பி தெளிவாக இருக்கும். மணலில் உள்ள இரும்பினால் இளம் நீலப்பச்சை சாயல் மட்டும் இருக்கும். நிறமே இல்லாத கண்ணாடிக்கு அவர்களிடம் தனி மதிப்பு இருந்தது.

அடுத்து விளக்கு. மக்கள் அதிகம் வாங்குவதும் அதிகம் தவறு செய்வதும் இதில்தான். நம் அகல் மேலே திறந்திருக்கும். ரோமானிய விளக்கோ மேலும் கீழுமாக இரண்டு அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டிய மூடிய வடிவம். நடுவில் இருக்கும் துளை எண்ணெய் ஊற்ற, மூக்கில் இருக்கும் துளை திரிக்கு. நடுத் துளையில் திரியைப் போட்டுவிட்டு, சரியாக எரியவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. திரியை மூக்கு வழியாக உள்ளே விட்டு, நுனி மட்டும் துளி வெளியே தெரியும்படி வையுங்கள். கூடுதலாக இழுத்தால் கரும்புகைதான் வரும். ஆலிவ் எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். மண்ணெண்ணெய், ஸ்பிரிட் போன்றவற்றை ஊற்றவே கூடாது. எண்ணெய்த் துளை திறந்தே இருப்பதால் ஆவி அங்கேயும் பற்றிக்கொள்ளும். அப்புறம், சுட்ட மண் எண்ணெயைக் கசியவிடும். புது அகலை ஊறவைத்துக் காயவைப்பது போல இதையும் செய்யலாம். ஆனால் உட்புறம் முழுக்கக் காய நாளாகும், பொறுமை வேண்டும். அப்படிச் செய்தாலும் அடியில் ஒரு தட்டு வைப்பது நல்லது. மர அலமாரியில் ஒரே இரவில் படிந்த எண்ணெய் வட்டத்தை என்னால் இன்னும் போக்க முடியவில்லை.

நீங்களே விளக்கு செய்பவராக இருந்தால் இன்னொன்று. அசல் விளக்கின் மீதே அச்சு எடுத்தால், களிமண் காய்ந்து சூளையில் சுட்ட பிறகு நகல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சிறுத்துவிடும், கோலங்களும் மழுங்கிவிடும். ரோமானியர் காலத்திலேயே இது நடந்தது. ஃபோர்டிஸ் என்ற பெயர் பொறித்த இத்தாலிய விளக்குகளைப் பேரரசின் பல மூலைகளில் இப்படி அச்செடுத்து, பெயரோடு சேர்த்தே நகலெடுத்தார்கள். ஆகவே அச்சுக்கான மூலத்தைச் சற்றுப் பெரிதாகச் செதுக்கிக்கொள்ளுங்கள்.

சிவப்புப் பளபளப்புச் சாப்பாட்டுத் தட்டுகளில் வேறொரு பிழை. இத்தாலியின் அரெஸ்ஸோவிலும் பிறகு இன்றைய தெற்கு பிரான்ஸில் உள்ள லா கிரௌஃபெசெங்கிலும் பெருமளவில் வனைந்த இந்தத் தட்டுகளுக்குக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. களிமண்ணை நீரில் கரைத்துத் தெளியவைத்து, மிக நுண்ணிய துகள்கள் மட்டும் மிதக்கும் குழம்பைப் பூசி, காற்று நன்றாகப் புகும் சூளையில் சுட்டார்கள். அந்த மினுக்கம் அதனால் வந்தது. இன்றைய கிளேஸ் பூசினால் குளியலறை டைல்ஸ் மாதிரி ஆகிவிடும். தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் 1945இல் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, இந்த அரெஸ்ஸோ வகைத் துண்டுகளை வைத்துத்தான் அந்த இடத்தின் காலத்தைக் கணித்தார்.

ரோமானியர் எழுதப் பயன்படுத்திய மெழுகுப் பலகையை நகலெடுப்பவர்கள் மெழுகை விளிம்புவரை ஊற்றிவிடுகிறார்கள். பலகையில் குழி வெட்டியிருப்பதே, இரண்டு பலகைகளை முகத்தோடு முகம் மூடும்போது எழுத்து நசுங்கக் கூடாது என்பதற்காகத்தான். மெழுகு விளிம்புக்குக் கீழேயே நிற்கட்டும். மிக மெல்லியதாகவும் வேண்டாம், எழுத்தாணி மரத்தைக் கீறிவிடும். லண்டனில் 2010 முதல் 2013 வரை நடந்த அகழாய்வில் ரோமானியர் காலத்துப் பலகைகள் நானூறுக்கும் மேல் கிடைத்தன. மெழுகெல்லாம் போய்விட்டாலும், மரத்தில் விழுந்த அந்தக் கீறல்களை வைத்தே பலவற்றைப் படித்தார்கள். அவற்றில் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8 என்று தேதியிட்ட கடன் பத்திரம். எழுத்தாணியின் மறுமுனை தட்டையாக இருக்க வேண்டும், மெழுகைத் தடவி எழுத்தை அழிப்பது அந்த முனையால்தான். ஓலையில் எழுதும் நம் எழுத்தாணியை அப்படியே வைத்தால் பொருந்தாது.

சாப்பாட்டு செட்டில் முள்கரண்டி சேர்த்து விற்றால் வாங்க வேண்டாம். கையும் கரண்டியும்தான் அவர்கள் வழக்கம். சிறிய கரண்டியின் காம்பு முனை கூராக இருக்கும், நத்தைச் சதையைக் குத்தி எடுக்க அது உதவியது.

நகல் பாத்திரத்தில் உண்மையாகவே சமைக்க ஆசைப்படுபவர்கள் கவனமாக இருங்கள். அலங்காரத்துக்கு வார்த்த உலோகத்தில் காரீயம் கலந்திருக்கலாம். செம்பிலும் வெண்கலத்திலும் புளிப்பு பட்டால் களிம்பு இறங்கும். முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, வெண்கலப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசினால் சுவை கூடும், களிம்பின் நஞ்சும் அடங்கும் என்று எழுதினார். நம் ஊரில் ஈயம் பூசுபவர் செய்ததும் இதே வேலைதான். பூசாத பாத்திரத்தில் ரசம் வைக்காதீர்கள், வினிகர் சேர்ந்த ரோமானியச் சமையலும் வேண்டாம்.

ரோமானியர் காலத்து, பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட வெண்கலப் பொருளின் நகலை 'கையுறை பின்னும் கருவி' என்று அட்டை போட்டு விற்கிறார்கள். அசல்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, எல்லாம் பேரரசின் வடமேற்குப் பகுதிகளில். எதற்காக என்று அவர்கள் காலத்து எழுத்து எதிலும் குறிப்பில்லை. அட்டையில் 'பயன் தெரியவில்லை' என்று எழுதுவதுதான் நேர்மை.

கடைசியாக, நாணய நகல். கோவை, கரூர் பக்கங்களில் ரோமானியப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து அசல் வெள்ளிக்காசுகளே மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. அடையாளம் இல்லாத நகல் ஒன்று இங்கே கைமாறினால், அடுத்த தலைமுறையில் யாரோ அதை அசல் என்று நம்பிவிடுவார்கள். வார்க்கும்போதே 'நகல்' என்ற சொல்லையும் செய்த ஆண்டையும் ஆழமாகப் பொறித்துவிடுங்கள். ஒட்டும் தாள் உரிந்துவிடும்.