அடி வாங்கும் பெண் உதவி தேடும்போது நேரும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் புருஷன் அடித்தால் முதலில் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), அப்புறம் கோயில் தலைவர், கடைசியில்தான் பாலாய், அதாவது போலீஸ் நிலையம். தலைவர் சூடம் ஏற்றி, இனி கை வைக்க மாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கி அனுப்புவார். அதற்குள் கன்னத்து வீக்கம் வடிந்திருக்கும். பெரிய தவறு இதுதான். காயம் தெரியும்போதே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே கூச்சப்பட்டு “பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்” என்றால் டாக்டர் அதையே எழுதுவார். பிறகு அந்தத் தாளே வழக்கில் உங்களுக்கு எதிராக நிற்கும்.

கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை, அதனால் சட்டம் நமக்கில்லை என்று ஒதுங்குபவர்கள் உண்டு. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சமய, வழக்கச் சடங்கோடு மணந்தவர்களையும் கணவன் மனைவியாகவே பார்க்கிறது. சடங்கே இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்குத்தான் அது பொருந்தாது. ஆனால் அடித்தது அப்போதும் குற்றமே, புகார் செய்யலாம்.

பாலாயில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். புகார் மலாயில் இருக்கும். “காடோ முலுட்” என்று எழுதியிருந்தால் அது வெறும் வாய்ச்சண்டை. எதைக் கொண்டு அடித்தான், எங்கே பட்டது, பிள்ளைகள் பார்த்தார்களா என்பதெல்லாம் அதில் வரவேண்டும். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், போலீஸ்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

போலீஸ் புகார் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதும் தவறு. சமூக நல இலாகாவிடம் அவசரப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், புகார் கட்டாயமில்லை. அந்த ஆணை ஏழு நாளுக்குச் செல்லுபடியாகும். அதற்குமேல் நீதிமன்ற ஆணை வேண்டும், அதற்குப் புகார் தேவை. யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியை அழையுங்கள், எண் 15999, இரவிலும் எடுப்பார்கள். கணவன் கைப்பேசியை நோண்டுகிறவனா? பக்கத்து வீட்டு அக்காவின் கைப்பேசியில் பேசுங்கள், அந்த அக்கா அவன் பக்கத்து உறவாக இல்லாதவரை.

ஐசியையும் (அடையாள அட்டை) பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள், மறுநாள் அவன் வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரம் சீவப் போயிருப்பான் என்று நம்பித் தனியாகத் திரும்பிப் போவதுண்டு. மழை பெய்தால் வெட்டு இல்லை, அவன் வீட்டில்தான் இருப்பான். நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கும்போதே, போலீஸ் துணையோடு போய்ச் சாமான்களை எடுக்க அனுமதியும் கேளுங்கள்.