யுஎஸ்டிசியை எதீரியத்திலிருந்து ஆர்பிட்ரமுக்குப் பத்திரமாக அனுப்புவது எப்படி?

யுஎஸ்டிசி டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் டிஜிட்டல் நாணயம், அதாவது ஒரு டோக்கன். எதீரியமும் ஆர்பிட்ரமும் இரண்டு தனித்தனி பிளாக்செயின்கள். ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்கு டோக்கனை மாற்றித் தரும் சேவைதான் பிரிட்ஜ். பிரிட்ஜ் என்றதும் டோக்கன் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்து போகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படிப் போவதில்லை. பழைய வகை பிரிட்ஜ் உங்கள் டோக்கனை இங்கே பூட்டிக்கொண்டு அங்கே ஒரு சீட்டு தரும், அடகுக் கடை மாதிரி. கடை கொள்ளை போனால் சீட்டு வெறும் காகிதம். 2022 மார்ச்சில் ரோனின் என்ற செயினின் பிரிட்ஜில், பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தரும் 9 சாவிகளில் 5 திருடர்கள் கைக்குப் போயின. 1,73,600 ஈதரும் (எதீரியத்தின் சொந்த நாணயம்) 2.55 கோடி யுஎஸ்டிசியும் காலி.

அதனால் இங்கே நான் சொல்வது சிசிடிபி (கிராஸ்-செயின் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால்) முறை. யுஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனமே 2023-இல் கொண்டுவந்தது. எதீரியத்தில் டோக்கனை எரித்துவிட்டு, ஆர்பிட்ரமில் அதே அளவு புதிதாக அச்சிடுவார்கள். பூட்டி வைத்த குவியல் என்று ஒன்று இல்லை. சர்க்கிளை நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் யுஎஸ்டிசியை வாங்கியபோதே அந்த நம்பிக்கையை வைத்தாயிற்று.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் கேஸ், அதாவது பரிவர்த்தனைக் கட்டணம். இரண்டு செயினிலும் கட்டணம் ஈதரில்தான். இரண்டிலும் கொஞ்சம் இருக்கட்டும். முதல்முறை இதை மறந்துவிட்டு, ஆர்பிட்ரமில் வந்து சேர்ந்த யுஎஸ்டிசியை இரண்டு நாள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, சிசிடிபி பயன்படுத்தும் ஒரு தளம். தேடுபொறி விளம்பரத்தைத் தொடாதீர்கள். போலித் தளங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். முகவரியை அதிகாரப்பூர்வ ஆவணத்திலிருந்து எடுத்து புக்மார்க் செய்துகொள்ளுங்கள்.

வாலட்டை (உங்கள் டோக்கன்களைக் கையாளும் செயலி) இணைத்து, எங்கிருந்து எங்கே என்பதைத் தேர்ந்தெடுத்து, தொகையில் வெறும் 10 போடுங்கள். 1,000 அனுப்ப வேண்டியிருந்தாலும் முதலில் 10தான்.

இப்போது வாலட் 'அப்ரூவ்' கேட்கும். அவசரக்காரர்கள் மாட்டுவது இங்கேதான். இது அனுப்புவதற்கான கையெழுத்து இல்லை. உங்கள் டோக்கனை எடுக்க பிரிட்ஜின் கான்ட்ராக்டுக்கு, அதாவது செயினில் இயங்கும் நிரலுக்கு, நீங்கள் தரும் அனுமதி. வரம்பில்லாமல் கொடுத்தால் வேலை முடிந்த பிறகும் அந்த அனுமதி அப்படியே கிடக்கும். தொகைக் கட்டத்தில் 10 என்று நீங்களே அடியுங்கள்.

இரண்டாவது கையெழுத்தில்தான் டோக்கன் எரியும். பரிவர்த்தனை எண்ணை எடுத்து வையுங்கள். சாதாரண வேகத்தில் கால் மணியிலிருந்து இருபது நிமிடம் ஆகும். சில தளங்களில் கடைசியில் டோக்கனைப் பெற 'கிளெய்ம்' பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும். இடையில் டெலிகிராமில் "உதவட்டுமா சார்" என்று யாராவது வந்து சீட் வார்த்தைகளை (வாலட்டையே திறந்துவிடும் ரகசியச் சொற்கள்) கேட்டால், திருடன்தான், சந்தேகமே வேண்டாம்.

அப்புறம், வந்தது அசல்தானா? பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம், யார் வேண்டுமானாலும் அதே பெயரில் டோக்கன் விடலாம். ஆர்பிட்ரமின் அசல் யுஎஸ்டிசி கான்ட்ராக்ட் முகவரி 5831 என்று முடியும். ஆனால் வாலை மட்டும் பார்க்காமல், சர்க்கிள் தரும் பட்டியலோடு முழு முகவரியையும் ஒப்பிடுங்கள். 'யுஎஸ்டிசி.இ' என்று இருந்தால் அது பழைய பிரிட்ஜ் கொடுத்த சீட்டு.

10 வந்துவிட்டதா? மீதியை அனுப்புங்கள். கேஸ் இரண்டு தடவை போகும், போகட்டும்.