யூனி-அசிஸ்ட் கட்டணம்: ஒரே பருவத்தில் முடித்தால் மிச்சம்

ஜெர்மனியில் நாலைந்து பல்கலைக்கழகங்களுக்கு யூனி-அசிஸ்ட் (பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் அமைப்பு) வழியாக விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், எல்லாவற்றையும் ஒரே பருவத்துக்கான (செமஸ்டர்) சேர்க்கைக்கே அனுப்பிவிடுங்கள், கட்டணத்தை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோதான். ஒன்றை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த பருவத்துக்குத் தள்ளினால் மறுபடியும் 75-இல் இருந்து தொடங்கும். கார்டு எதற்கு என்றால், இந்தியாவிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணத்தில் நடுவில் இருக்கும் வங்கிகள் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, தொகை குறைந்து போய்ச் சேர்ந்தால் விண்ணப்பம் நகராது, கடைசி தேதி நெருங்கும் நேரத்தில் அந்தத் தலைவலி தேவையே இல்லை. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்பே ஆன் செய்துவையுங்கள்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பம் வாங்குகின்றன, அங்கே இந்தக் கணக்கு செல்லாது. இன்னும் சில, யூனி-அசிஸ்ட் கட்டணத்தைத் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன, அதனால் பணம் கட்டும் முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.