கையடக்க கன்சோலில் லிக்விட் கூலிங்: எங்கெல்லாம் சறுக்கும்?

ஸ்டீம் டெக் போன்ற ஒரு கையடக்க கன்சோலைத் திறந்தால், சிப்பின் மேலிருந்து ஃபேன் பக்கம் போகும் தட்டையான செம்புக் குழாய் ஒன்று தெரியும். அதுதான் ஹீட் பைப். அதற்குள் ஏற்கெனவே சில துளி திரவம் இருக்கிறது. சூடான முனையில் அது ஆவியாகும், குளிர்ந்த முனையில் மறுபடி நீராகும், பம்ப் எதுவும் இல்லாமலே திரும்பி வரும். சில போன் விளம்பரங்களில் 'லிக்விட் கூலிங்' என்று பெருமையாகச் சொல்வதும் பெரும்பாலும் இதே ஏற்பாட்டைத்தான். ஆகவே கன்சோலின் சூட்டைக் குறைக்க, தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப், டியூப், அந்தத் தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர் என்று கிளம்புகிறவர், நன்றாக வேலை செய்யும் ஒரு திரவ ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு இன்னொன்றை வைக்கப் போகிறார். புதியது பழையதைவிட எதில் மேல் என்று சொல்ல முடியாவிட்டால் ஸ்க்ரூடிரைவரை எடுக்காமல் இருப்பதே நல்லது.

அதிகம் பேர் விழும் குழி, நோயைத் தப்பாகக் கண்டுபிடிப்பது. கேம் திணறுகிறது, கன்சோலும் கொதிக்கிறது, அதனால் சூடுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஸ்டீம் டெக்கின் சிப்புக்கு 15 வாட் உச்சவரம்பு உண்டு. கேம் ஓடும்போது திரையின் ஓரத்தில் வெப்பநிலை, வாட், கடிகார வேகம் மூன்றையும் காட்டும் வசதி அதிலேயே இருக்கிறது. வாட் கணக்கு 15-ஐத் தொட்டு அங்கேயே நிற்கிறது, வெப்பநிலை இன்னும் எல்லைக்குக் கீழே இருக்கிறது என்றால், எத்தனை குளிர்வித்தாலும் ஃபிரேம் ரேட் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) ஏறாது. அங்கே தடுப்பது மின்சார வரம்பு. வெப்பநிலை உச்சத்துக்குப் போய், அதன் பின்னால் வாட்டும் வேகமும் சரிந்தால் மட்டுமே சூட்டைக் குற்றம் சொல்லலாம். அப்போதும் முதல் வேலை ஃபேனில் படிந்த தூசியைத் தட்டுவதும் சூடு கடத்துவதற்காகச் சிப்பின் மேல் தடவியிருக்கும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதும்தான். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

சரி, அதையும் தாண்டிச் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். 100 மில்லி தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 418 ஜூல் போதும். 15 வாட் சிப் நிமிடத்துக்கு 900 ஜூல் கொட்டுகிறது. ரேடியேட்டர் இல்லாமல் ஒரு சின்னத் தொட்டியை மட்டும் முதுகில் ஒட்டினால், வெளியே கசியும் வெப்பத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், நிமிடத்துக்கு 2 டிகிரிக்குச் சற்று மேல் ஏறும். கால் மணி நேரத்தில் 30 டிகிரி! முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, 'ஆகா, பத்து டிகிரி குறைந்துவிட்டது' என்று சந்தோஷப்படுவது இதனால்தான் ஏமாற்று. குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டி, தண்ணீரின் வெப்பநிலை ஏறாமல் ஒரே இடத்தில் நின்ற பிறகு வரும் எண்தான் உண்மையான எண். அந்த எண்ணைத் தீர்மானிப்பது ரேடியேட்டரின் பரப்பும் அதன் வழியே போகும் காற்றும். ஏற்கெனவே 669 கிராம் இருக்கும் எல்சிடி ஸ்டீம் டெக் போன்ற ஒரு சாதனத்தின் முதுகில் எவ்வளவு பெரிய ரேடியேட்டரைத் தொங்கவிட முடியும்? மேசையில் வைத்து, டாக்கில் (சார்ஜும் டிவி இணைப்பும் தரும் தாங்கி) செருகி, பெரிய ரேடியேட்டரை வெளியே வைத்து, மின் வரம்பையும் உயர்த்தி ஆடுகிறவருக்கு இது ஓரளவு பலன் தரும். கையில் பிடித்து ஆடுகிறவருக்கு இது பொழுதுபோக்கு. பொழுதுபோக்காகச் செய்வதில் தப்பே இல்லை, பலனை எதிர்பார்க்காமல் செய்தால் சரி.

பம்ப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எல்சிடி ஸ்டீம் டெக்கின் பேட்டரி 40 வாட்-மணி. கனமான கேமில் கன்சோல் மொத்தமாக 20 வாட்டுக்கு மேல் இழுக்கும், அதனால் 2 மணி நேரமே தாங்காது. அதில் 3 வாட் பம்ப்பும் பங்கு கேட்டால் நேரம் இன்னும் சுருங்கும், பம்ப்பின் சூட்டில் பெரும்பங்கு அதே தண்ணீரில்தான் போய்ச் சேரும். டெக்கில் இருப்பது ஒரே ஒரு யுஎஸ்பி சி துளை. பம்ப்பை அதில் நேராகச் செருகினால் சார்ஜ் போட இடமில்லை. அதற்காக பேட்டரி முனையிலிருந்தே வயர் இழுப்பது இன்னும் மோசம், அந்த வயரில் ஷார்ட் ஆனால் ஆபத்து. தனி அடாப்டரோ பவர் பேங்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

கையடக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மேசைக் கணினி நின்ற இடத்தில் நிற்கும், இது சாயும், கவிழும், படுத்துக்கொண்டு ஆடினால் தலைகீழாகவும் போகும். தொட்டியில் இருக்கும் காற்று அப்போதெல்லாம் பம்ப்புக்குள் நுழையும். இந்தச் சின்ன பம்ப்புகளுக்கு உள்ளே ஓடும் திரவமே மசகு. காற்றில் ஓடினால் சத்தம் போடும், பிறகு தேய்ந்து நின்றுவிடும்.

உலோகக் கலப்பும் பரவலான தவறு. மலிவான ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அலுமினியம், சிப்பின் மேல் வைக்கும் வாட்டர் பிளாக் செம்பு. ஒரே தண்ணீரில் இரண்டும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியம் கரையும். இரண்டையும் ஒரே உலோகத்தில் வாங்குவதுதான் நிம்மதி. குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதன் உப்பு குறுகலான பாதைகளில் படியும். காய்ச்சி வடித்த நீரோ, அரிப்பையும் பாசியையும் தடுக்கும் கூலன்ட்டோ ஊற்றலாம். 'மின்சாரம் கடத்தாத திரவம்' என்ற லேபிளை நம்பி அலட்சியமாக இருக்காதீர்கள். உலோகத்தைத் தொட்டபடி சுற்றிச் சுற்றி அயனிகள் சேர்ந்ததும் அதுவும் கடத்தும். சிலிக்கான் டியூப் வளைக்க வசதிதான், ஆனால் அதன் சுவர் வழியாக நீராவி மெல்ல வெளியேறும். மொத்தமே 50 மில்லி ஓடும் இடத்தில் அது பெரிய இழப்பு.

பிளாக்கைப் பொருத்தும்போதுதான் சிப் உடைகிறது. இந்த சிப்புகளின் மேல் உலோக மூடி கிடையாது, வெறும் சிலிக்கான். ஒரு மூலைத் திருகை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிளாக் சாய்ந்து, இறுக்கிய பக்கத்துச் சிப் விளிம்பு நொறுங்கலாம். குறுக்குக் குறுக்காக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்க வேண்டும். பழைய ஹீட் சிங்க் தட்டு சிப்பை மட்டுமல்ல, பல மாடல்களில் பக்கத்து மெமரியையும் மின்சப்ளை பாகங்களையும் சேர்த்தே குளிர்விக்கும். புது பிளாக் சிப்பை மட்டும் தொட்டால் மற்றவை அம்போ. பழைய ஃபேனையும் கழற்றிவிட்டால் அவற்றின் மேல் காற்றே போகாது. சிப் வெப்பநிலை அழகாகக் காட்டும், கன்சோல் மட்டும் திடீர் திடீரென்று அணையும். அந்தப் பாகங்களின் மேல் ஒட்டியிருக்கும், சூடு கடத்தும் மெத்தென்ற பழைய தெர்மல் பேடுகளின் தடிமனை அளந்து வைத்துக்கொண்டு அதே தடிமனில் புதிது போடுங்கள்.

பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் போடும் ஆசையை விடுங்கள். அதிலுள்ள கேலியம் அலுமினியத்தைத் தின்றுவிடும், வழிந்தால் போர்டையும் ஷார்ட் ஆக்கும். ஐஸ் தண்ணீரும் பெல்டியரும் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு) அப்படித்தான். 30 டிகிரி அறையில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், சுமார் 24 டிகிரிக்குக் கீழே போன எதன் மேலும் வியர்த்துவிடும், போர்டு உட்பட.

திறக்கும் முன் மைக்ரோ எஸ்டி கார்டை வெளியே எடுங்கள். டெக்கில் அதை மறந்து பின்மூடியை இழுத்தால் கார்டு இரண்டாக உடையும். பேட்டரியைக் கால் பங்குக்குக் கீழே இறக்கி, உள்ளே நுழைந்ததும் முதலில் அதன் கனெக்டரைக் கழற்றுங்கள்.

கசிவுச் சோதனையைக் கன்சோலுக்குள் செய்யாதீர்கள். பம்ப், டியூப், பிளாக், ரேடியேட்டர் எல்லாவற்றையும் வெளியே மேசையில் இணைத்து, ஒவ்வோர் இணைப்பின் கீழும் டிஷ்யூ தாள் விரித்து, 24 மணி நேரம் ஓடவிடுங்கள். நடுவில் சாய்த்தும் கவிழ்த்தும் பாருங்கள். தாளில் எங்காவது ஈரம் தெரிந்தால் அந்தக் கிளாம்ப்பை மாற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடராமல் முழு 24 மணி நேரத்தையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.