தீபாவளிக்கு ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா? யுபிஐ பின் போடும் முன் பெயரைப் பாருங்கள்

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சித்தி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். சிவகாசிப் பட்டாசு, 80 சதவீதத் தள்ளுபடி, வீட்டுக்கே டெலிவரி, கீழே ஒரு க்யூஆர் கோடு. "இத நம்பலாமாடா?" என்று கேள்வி. நான் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன், நிறுத்திப் பார்ப்பதற்குள் 3,200 ரூபாய் போட்டுவிட்டதாக அடுத்த செய்தி வந்துவிட்டது. அப்புறம் அந்த எண்ணுக்கு எத்தனை முறை அடித்தாலும் சுவிட்ச் ஆஃப். பணம் போன ஸ்கிரீன்ஷாட்டை வாங்கிப் பார்த்தேன். விளம்பரத்தில் இருந்தது ஏதோ டிரேடர்ஸ், பணம் போனதோ யாரோ ஒரு தனி ஆளின் கணக்குக்கு. அந்த ஆளின் பெயர் பின் போடும் முன்பே திரையில் வந்திருக்கும். சித்தி பார்க்கவில்லை. நாமும் பெரும்பாலும் பார்ப்பதில்லை, தொகை சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு விரல் தானாகப் பின்னை அழுத்திவிடுகிறது.

அதனால் கீழே நான் சொல்லப்போவதில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: யுபிஐயில் பணம் போடும்போது, வங்கியில் பதிவான பெயர் என்ன என்று செயலி காட்டும், அதை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். தெருமுனைப் பெட்டிக்கடையில் உரிமையாளர் பெயர் வருவது சகஜம், அங்கே ஆளே எதிரில் நிற்கிறார். வெப்சைட், லோகோ, 'குடோன்' படம் எல்லாம் போட்டு நிறுவனம் என்று சொல்லிக்கொள்கிறவர் தன் சொந்தப் பெயர்க் கணக்கில் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

முதலில் பட்டாசு

நம் ஊரில் தீபாவளி ஆன்லைன் மோசடி என்றால் பட்டாசில்தான் ஆரம்பிக்க வேண்டும். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், இணையதளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுத்து விற்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அமேசான், ஃபிளிப்கார்ட்டில் தேடினால் மத்தாப்புக் கட்டு கிடைக்காததற்குக் காரணம் அதுதான். ஆனாலும் ஆடி முடிந்ததும் ஃபேஸ்புக்கைத் திறந்தால் சிவகாசி, சிவகாசி என்று விளம்பரம் கொட்டுகிறது.

இதில் மக்கள் ஏமாறுவதற்கு ஒரு உள்ளூர்க் காரணம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். பட்டாசுப் பெட்டியில் அச்சடித்திருக்கும் எம்ஆர்பி பல நேரம் விற்கிற விலையைவிட எங்கேயோ மேலே இருக்கும். அதனால் சிவகாசியில் நேரில் போய் வாங்கினாலே 70, 80 சதவீதம் தள்ளுபடி என்று பில் போடுவார்கள். வேறு எந்தப் பொருளுக்கும் 80 சதவீதம் என்றால் சந்தேகப்படுகிற நாம் பட்டாசுக்கு மட்டும் படமாட்டோம், பழகிவிட்டது. அடுத்தது, விலைப்பட்டியல் போட்டு, போனில் பேசி, முன்பணம் வாங்கி, லாரி ஆபீசுக்குப் பார்சல் போடுவது அங்கே கடைக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவந்த முறை. மோசடிக்காரன் அந்த முறையை அப்படியே காப்பியடிக்கிறான். பட்டியலில் பொருளை டிக் செய்தால் உடனே அழைப்பு வருகிறது, அண்ணா அக்கா என்று மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், ஆர்டர் எண் கொடுக்கிறார்கள், லாரி ரசீது என்று ஒரு படம்கூட அனுப்புகிறார்கள். கடை உரிமத்தைக் கேட்டால் அதற்கும் ஒரு படம் தயாராக இருக்கும், படத்தை எவனும் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

என் கருத்து கறாரானது: பட்டாசை ஆன்லைனில் வாங்கவே வாங்காதீர்கள். நல்ல கடை எது போலி எது என்று வீட்டிலிருந்து பிரித்துப் பார்க்க வழியே இல்லை. உங்கள் ஊரில் உரிமம் வாங்கிப் போட்டிருக்கும் கடைகள், கூட்டுறவுப் பண்டகசாலை, சென்னையில் என்றால் தீவுத்திடல், இங்கே பத்து ரூபாய் கூடப் போனாலும் பெட்டி கையில் இருக்கும். சிவகாசிப் பக்கம் போகிற சொந்தக்காரரிடம் சொல்லிவிடுகிறவர்கள் அவரை ரயிலில் மட்டும் எடுத்து வரச் சொல்லாதீர்கள், ரயில்வே சட்டப்படி மூன்று வருடம் வரை சிறைக்கு இடமுண்டு.

புடவையும் இன்ஸ்டாகிராமும்

பெரிய தளங்களில் தீபாவளி விற்பனை இப்படிப் பெரிதானது சமீபத்தில்தான். 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் முதல் 'பிக் பில்லியன் டே' நடத்தியபோது கூட்டம் தாங்காமல் தளமே திணறி, மறுநாள் நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியதாயிற்று. 2016-இல் யுபிஐ வந்தது, அப்புறம் ரங்கநாதன் தெருவில் இடிபட்டு வாங்கியதெல்லாம் படுத்துக்கொண்டே வாங்குகிறோம். ரங்கநாதன் தெருவிலாவது போலீஸ் கோபுரம் போட்டு மைக்கில் "பர்ஸ் பத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

இன்ஸ்டாகிராமில் 'காஞ்சிப் பட்டு 1,299 ரூபாய்' என்று வந்தால் முதலில் எழுத்தைக் கவனியுங்கள். 'ஆர்ட் சில்க்' என்றால் கலைநயம் என்று அர்த்தமில்லை, செயற்கைப் பட்டு. 'சாஃப்ட் சில்க்', 'செமி சில்க்', 'லிச்சி சில்க்' என்ற பெயர்களில் வருகிறவற்றில் பெரும்பகுதி பட்டே கலக்காதவை. கட்ட நன்றாக இருந்தால் வாங்குங்கள், தப்பில்லை, பட்டு விலை கொடுக்காதீர்கள். அசல் என்று சொல்கிறவரிடம் சில்க் மார்க் லேபிள் இருக்கிறதா என்று கேளுங்கள். வம்பே வேண்டாம் என்றால் கோ-ஆப்டெக்ஸுக்கே சொந்தமாக இணையக் கடை இருக்கிறது.

அந்தப் பக்கத்தின் வயதையும் பாருங்கள். பக்கத்தின் பெயருக்கு அருகில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'இந்தக் கணக்கைப் பற்றி' என்பதைத் திறந்தால் எப்போது தொடங்கியது, எத்தனை முறை பெயர் மாற்றியது என்று பல பக்கங்களுக்குத் தெரியும். ஐந்து வருடப் பழைய கணக்கு, ஒரு லட்சம் ஃபாலோயர், ஆனால் போன மாதம்வரை மீம் பக்கமாக இருந்தது என்று வந்தால் யாரோ விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். கமெண்ட்டை மூடி வைத்திருந்தால் கிளம்பிவிடுங்கள். புடவைப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், அதே மாடல், அதே திண்ணை, பத்துப் பக்கங்களில் பத்து விலைக்கு இருக்கும்.

வெப்சைட் என்றால் பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், பூட்டு சொல்வது உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான், அந்தப் பக்கம் இருப்பவன் திருடனா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் நிறுவனத்தின் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு எண் எல்லாம் வெளியே தெரியும்படி போட வேண்டும். இல்லையென்றால் அது ஒரு பதில்தான். ஜிஎஸ்டி எண் போட்டிருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் அடித்துப் பாருங்கள், யாருடைய பெயர், எந்த ஊர் என்று வந்துவிடும்.

பெரிய தளம் என்பதாலேயே பொருள் சரியாக இருக்கும் என்றும் இல்லை. 2022-இல் தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க விட்டதற்காக அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டுக்குமே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து உத்தரவிட்டது. குக்கர் வந்ததும் ஐஎஸ்ஐ முத்திரையின் கீழே இருக்கும் உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம், ஒரு நிமிட வேலை. "இன்னும் 2 மட்டுமே", "07:59 நிமிடத்தில் முடிகிறது" என்று ஓடுகிற கடிகாரத்தைக் கண்டு பதறாதீர்கள், பக்கத்தை மூடித் திறந்தால் பல இடங்களில் மறுபடி முதலிலிருந்து ஓடும். பொய் அவசரம் காட்டுவது, கேட்காமல் கூடையில் இன்ஷூரன்ஸையோ நன்கொடையையோ சேர்த்துவிடுவது என 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரிலேயே அரசு தடை செய்திருக்கிறது. ஆனாலும் பணம் கட்டும் முன் கூடையை வரிவரியாகப் பாருங்கள், நான் மூன்று மாதம் கழித்துத்தான் ஒரு மெம்பர்ஷிப்பைக் கண்டுபிடித்தேன்.

பார்சல் வரும்போது

தெரியாத கடை என்றால் கேஷ் ஆன் டெலிவரி நல்லதுதான், ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் "உங்க பையன் பேர்ல வந்திருக்கு, 699 ரூபாய்" என்று நீட்டுவார்கள். பையனுக்குப் போன் போட்டுக் கேட்காமல் வாங்கக் கூடாது என்று அம்மா அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். விலை உயர்ந்த போன், டேப் என்றால் பிரித்துக் காட்டித் தரும் 'ஓப்பன் பாக்ஸ்' டெலிவரி இருந்தால் அதையே எடுங்கள், பொருளைப் பார்த்த பிறகுதான் ஓடிபி சொல்ல வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் முகவரிச் சீட்டிலிருந்து ஆரம்பித்து, இடையில் வெட்டாமல், பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

டெலிவரி ஆள் என்று யாரோ அழைத்து, "சார் முகவரி கிடைக்கல, ஸ்டார் 401 ஸ்டார் போட்டு இந்த நம்பரை அடிங்க" என்றால் அடிக்காதீர்கள். அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அவன் எண்ணுக்குத் திருப்பிவிடும் கோடு. ஓடிபியைக் குரலில் சொல்லும் அழைப்புகளும் அவனுக்கே போகும். முகவரியைத் திருத்த 5 ரூபாய் கட்டு என்று வரும் லிங்க், தீபாவளி வாழ்த்து அல்லது பரிசு என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைல் (போனில் செயலியை ஏற்றிவிடும் ஃபைல்), இரண்டையும் தொடவே வேண்டாம். கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாமல் அந்தச் செயலிக்குள்ளேயே எடுங்கள். ரீஃபண்ட் தருகிறேன் என்று பின் போடச் சொன்னால் அது மோசடி, பணம் வாங்க யாருக்கும் யுபிஐ பின் தேவையில்லை.

பணம் போய்விட்டால்

சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுப் புலம்பும் முன் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடியுங்கள். சித்தி வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் வாயைத் திறக்காமல் மறுநாள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார், அதற்குள் பணம் நாலு கணக்கு மாறிவிட்டது. உடனே சொன்னால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்க வாய்ப்பிருக்கிறது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். கையோடு உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். உங்கள் தவறே இல்லாமல், வேறு யாரோ புகுந்து எடுத்த பணம் என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையது இல்லை என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் போட்ட விதி. நீங்களே ஓடிபி சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் தலையில்தான், அதற்கு மேல் போவது வங்கியின் பொறுப்பு. அதனாலும் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

மோசடி இல்லை, உடைந்த பொருள், மாறிய நிறம், ரீஃபண்ட் தராமல் இழுத்தடிப்பது என்றால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எனக்கு ஒரு மிக்ஸி விஷயத்தில் ஆறு வாரம் நடக்காதது அங்கே புகார் போட்ட பிறகு நாலு நாளில் நடந்தது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பில், பணம் போன ரசீது, பொருளின் பக்கத்தை அன்றைக்கே எடுத்த ஸ்கிரீன்ஷாட், பிரித்த வீடியோ இவற்றை மட்டும் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். விற்றவன் அந்தப் பக்கத்தை அடுத்த வாரமே எடுத்துவிடுவான்.