வாலில் கண் உள்ள ஏரி மீனை அடையாளம் காண்பது எப்படி?

கடலூர் என்றாலே கடல் மீன் பேச்சுதான். ஆனால் வீராணம், பெருமாள் ஏரி, அந்தப் பக்கம் பாகூர் ஏரி என்று நம்மைச் சுற்றி எவ்வளவு நல்ல தண்ணீர்! அதில் வளரும் மீன்களையும் நாம் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருக்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் கண்புள்ளியிலிருந்து, அதாவது சில மீன்களின் வாலில் கண் போலவே தெரியும் புள்ளியிலிருந்து தொடங்கலாம்.

படி 1: வளையத்தைத் தேடுங்கள்
வெறும் கறுப்புப் பொட்டு கண்புள்ளி ஆகாது. கறுப்பைச் சுற்றி வெளிறிய அல்லது ஆரஞ்சு நிற வளையம் வேண்டும். சிறு கெண்டைகள் பலவற்றுக்கு வாலடியில் பொட்டு உண்டு, வளையம் இல்லை. அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: வாலை விரித்துப் பாருங்கள்
இதில் அவசரப்படாதீர்கள். மீன்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, கையை நனைத்து, வால் துடுப்பை மெதுவாக விரியுங்கள். மடங்கிக் கிடக்கும் வாலில் புள்ளி சரியாகத் தெரியாது. விரால் போன்ற நீண்ட உடம்பு, வாலடியின் மேல்பாதியில் வளையத்தோடு ஒரு கறுப்புக் கண். அப்படி இருந்தால் அது பூவிரால். சாதாரண விராலுக்கும் கொரவைக்கும் வாலில் இந்தக் கண் கிடையாது. பூவிராலின் பக்கவாட்டில் கருந்திட்டுகளும், பின்பாதியில் முத்து தெளித்ததுபோல வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும். என் கண்ணுக்கு நம் ஏரி மீன்களிலேயே அழகானது இதுதான். பெரிய மீனில் வால் கண் மங்கியிருக்கலாம். அப்போது இந்த வெள்ளைப் புள்ளிகள் கைகொடுக்கும்.

படி 3: ஆரலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்
சில ஆரல்களுக்கும் வளையமிட்ட கண்கள் உண்டு. ஆனால் அவை வாலில் இல்லை, முதுகுத் துடுப்பின் அடியில் வரிசையாக இருக்கும். முதுகில் முள் குத்தும், பார்த்துத் தொடுங்கள்.

எதற்காக இந்தப் பொய்க் கண்? தாக்க வரும் மீன் தலையை விட்டுவிட்டு வாலைக் கடிக்கட்டும் என்பதற்காக இருக்கலாம் என்கிறார்கள். துடுப்பு கிழிந்தால் மறுபடி வளர்ந்துவிடும், தலை போனால் போனதுதான்.

படி 4: தொட்டி மீனையும் பாருங்கள்
அலங்கார மீன் கடையில் ஆஸ்கர் என்று கேளுங்கள். தட்டையான, தடித்த உடம்பு, வாலடியில் ஆரஞ்சு வளையத்தோடு கண். சொந்த ஊர் தென்அமெரிக்காவின் அமேசான் ஆறு. வீட்டில் வளர்ப்பவர்கள், தொட்டிக்குள் அடங்காமல் பெருத்துவிட்டது என்று அதைக் கொண்டுபோய் ஏரியில் விடாதீர்கள். சின்ன மீன்களைத் தின்னும் இனம் அது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.